செம்பாக்கத்திலிருந்து ஒரு லோடு

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில் எப்போது போனாலும் ஒரு கழிவுநீர் லாரியாவது கண்ணில் படும். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஆனாலும் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அந்த டேங்க் உண்மையில் எவ்வளவு கொள்ளும், அதில் சேர்வது எங்கே போகிறது என்று பார்த்துவிட ஒரு லாரியோடு கிளம்பினேன்.

முதலில் செம்பாக்கத்தில் சித்தி வீடு. பிளானில் டேங்கின் உள்ளளவு பத்தடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி ஆழம். 300 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்று பெருக்கினால் ஏறக்குறைய 8,500 லிட்டர். லாரிக்காரர் பிளானைப் பார்க்கவே இல்லை. மூடியை நகர்த்திவிட்டு எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

“காத்து வெளிய போகட்டும் சார். யாரும் எட்டிப் பாக்காதீங்க.”

உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளை நொடியில் சாய்த்துவிடும். பாதுகாப்பின்றி ஆளை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இவர் எல்லாவற்றையும் மேலே நின்றபடியேதான் செய்தார்.

நீளமான மூங்கில் கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, அடிவரை இறக்கிச் சற்று நேரம் பிடித்திருந்தார். மெல்ல வெளியே எடுத்தபோது துணியின் அடிப்பக்கம் ஒன்றரை அடிக்குக் கன்னங்கரேலென்று மண்டி ஒட்டியிருந்தது. அதற்கு மேலே வெறும் சாம்பல் நிற ஈரம். தண்ணீர் வெளியேறும் குழாய் ஸ்லாபுக்கு ஓரடி கீழே இருந்தது.

இப்போதுதான் சரியான கணக்கு கிடைத்தது. குழாய்க்கு மேலே தண்ணீர் ஏறாது. ஆக ஆழம் ஐந்தடி, கொள்ளளவு 7,075 லிட்டர். மண்டி அடைத்திருப்பது சுமார் 2,100 லிட்டர். மேலே மிதக்கும் அரையடி ஏடு இன்னும் 700. மிச்சம் ஏறக்குறைய 4,250 லிட்டர். பிளானில் உள்ளதில் பாதி. வீட்டுக் கழிவு ஒரு நாளாவது தங்கினால்தான் திடப்பொருள் அடியில் படியும். இடம் குறையக் குறைய, படியாமலே குழாய் வழியே ஓடிவிடும்.

“மேல் தண்ணிய மட்டும் இழுத்தா லோடு நிறைஞ்சிடும். மண்டி அப்படியே கிடக்கும்” என்றபடி அவர் ஹோஸை அடிவரை இறக்கினார். 6,000 லிட்டர் டேங்கர் நிறைந்தபோது துணியில் கரும்பட்டை விரற்கடை அளவுக்குக் குறைந்திருந்தது.

மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக லாரி பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிப் போனது. கூடவே இன்னொரு பாதையும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. டேங்கிலிருந்து மழைநீர் வடிகாலுக்குத் தப்பும் கழிவு செம்பாக்கம் ஏரியில் கலக்கும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கே வந்து சேரும். உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சதுப்பு அது. லாரியில் வரும் கழிவு அதன் கரையில் சுத்திகரிக்கப்படுகிறது. வடிகாலில் வருவது அப்படியே உள்ளே போகிறது. புறப்பட்ட வீடு ஒன்றுதான், சேரும் பகுதியும் ஒன்றுதான்.

எது எந்த வழியில் போகும் என்பதை டேங்கில் மிச்சமிருக்கும் இடமே முடிவு செய்கிறது. அதனால் லாரிக்குச் சொல்லும் முன்பே அந்த இடத்தை அளந்துவிட வேண்டும். குழாய்க்குக் கீழே எத்தனை அடி, மண்டி எத்தனை அடி என்ற இரண்டு எண்களும் தேதியோடு ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மண்டி மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் அள்ளியாக வேண்டும். மாநகராட்சியும் வீட்டு வரியோடு இந்த எண்களைக் கேட்டு வாங்கலாம். ஏரிகளைத் தூர்வாரச் செலவழிக்கும் பணத்தின் பலன் நிலைக்க வேண்டுமானால், வேலையை வீட்டு வாசலில்தான் தொடங்க வேண்டும்.