வாட்ச்மேன் இல்லாத மலைவீடு

"ஏனுங்ண்ணா, அங்க சமையலுக்கு ஆள் இருக்குதுங்களா?"

ஒஸ்லோவில் இருக்கும் நாங்கள் நாலு கோயமுத்தூர்க் குடும்பங்கள் ஆகஸ்டில் ரோண்டனே மலைக்குப் போகலாம் என்று பேச ஆரம்பித்ததும் வாட்ஸப் குழுவில் விழுந்த முதல் கேள்வி இது. கேட்ட தம்பி நார்வேக்குப் புதுசு. அவரைக் குறை சொல்ல முடியாது. மலை பங்களா என்றால் நம்மூரில் முதலில் விசாரிப்பது வாட்ச்மேனைத்தானே!

நான் ஆர்.எஸ்.புரத்துக்காரன். கௌலி பிரவுன் ரோட்டில் வனத்துறை வளாகத்து மதிலை ஒட்டி நடந்து வளர்ந்தவன். அதற்குள்ளேதான் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. காடு எங்களுக்கு எப்போதும் டிபார்ட்மென்ட் வழியாகவே வந்தது. டாப்ஸ்லிப்பில் தங்க முன்பதிவு வேண்டும். சேத்துமடை செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும். பொள்ளாச்சியில் கோழி வாங்கிக்கொண்டு போனால் வாட்ச்மேன் வீட்டில் குழம்பு வைத்துத் தருவார்கள். வெந்நீருக்கு விறகு பிளந்தது யார் என்ற பேச்சே எழுந்ததில்லை.

இங்கே நார்வேயில் 1868-இல் தொடங்கிய டி.என்.டி. என்ற மலைநடைச் சங்கத்துக்கு நாடெங்கும் 500-க்கும் மேற்பட்ட குடில்கள் உண்டு. பலவற்றில் ஆளே கிடையாது. சங்கத்தில் சேர்ந்து முன்பணம் கட்டினால் ஒரு சாவி தருவார்கள். பூட்டிய குடில்களில் பெரும்பாலானவற்றை அந்த ஒரே சாவி திறக்கும். உள்ளே கட்டில், கம்பளி, விறகடுப்பு. சிலவற்றில் மளிகை அலமாரியும் உண்டு. எடுத்ததை நாமே எழுதி, நாமே கூட்டி, பணத்தைக் கட்டிவிட வேண்டும்.

"நம்மூர்ல இது நடக்குமா?" என்று பெருமூச்சு விடுவது வெளிநாட்டுத் தமிழர்களின் வழக்கமான பஜனை. நான் அதில் சேருவதில்லை. 1962-இல் நார்வேயின் முதல் தேசியப் பூங்காவான ரோண்டனேயில் இருப்பது காட்டுக் கலைமான். ஆள் வாடை பட்டாலே ஓடிவிடும். வால்பாறைப் பக்கம் யானை அரிசிக்காக ரேஷன் கடைச் சுவரையே இடிக்கிறது. ஆளில்லாத மளிகை அலமாரி அங்கே எத்தனை நாள் தாங்கும்?

குடிலில் ஆள் இல்லை என்பதால் எங்கள் திட்டத்தில் பாதிக்கு மேல் வேலைப் பங்கீடுதான். ஓடையிலிருந்து வாளியில் தண்ணீர் மொள்வது, விறகு பிளப்பது, சாம்பல் அள்ளுவது, கிளம்புமுன் தரையைத் துடைப்பது. ஊரில் தின்ற தட்டைக்கூட எடுத்து வைக்காத ஆண்கள் நாங்கள். பட்டியலில் பெண்கள் எங்கள் பெயரைத்தான் முதலில் போட்டார்கள். கழிவறை வெளியே, குழாயும் கிடையாது என்றதும் குழு ஒரு நாள் முழுக்க மௌனம். பிறகு ஓர் அக்கா, "சொம்பு நான் எடுத்துக்கறனுங்க" என்று முடித்துவைத்தார். ராத்திரிக்கு அரிசிம்பருப்பு, ஒரே பாத்திரத்தில் வேலை தீரும்.

தகராறு வந்தது வேறு இடத்தில். 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலையில் பலர் உயிரிழந்த பிறகு இந்த நாட்டில் மலை விதிகளை ஊர் ஊராய்ப் பரப்பினார்கள். காலத்தோடு திரும்புவதில் வெட்கமில்லை என்பது அதில் ஒன்று. வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறியவர் ஒருவருக்கு இது ஒப்பவில்லை. "ஏழாவது மலையைத் தொடாமப் பாதில திரும்பறதாவது!" என்றார். மதியம் ஒரு மணிக்குள் பாதி வழி தாண்டாவிட்டால் வந்த வழியே திரும்புவது என்று கடைசியில் ஒத்துக்கொண்டார், நேரம் பார்க்கிற பொறுப்பைத் தன்னிடமே தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவருடைய கைக்கடிகாரத்தை யாரும் நம்பவில்லை; என் மனைவியிடம் இன்னொன்று இருக்கும்.