கூட்டாளியும் இரையும்

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை நீளும் எமது கடற்கரையூர்களில் மீன் என்பது முதலில் உணவு. அதன் பின்னரே காட்சிப்பொருள். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவியின் தென்கோடியும் கல்லோயா நீர் பாயும் வயல்வெளிகளும் என இரு நீருக்கிடையில் வாழும் எமக்குக் கெளுத்தி, சுங்கான், வாளை ஆகியன புதிய பெயர்கள் அல்ல. ஆயினும் அவ்வகை மீனொன்றைக் கண்ணாடித் தொட்டியில் சிறுமீன்களோடு சேர்த்துவிடும் வேளையில் அறிந்தவற்றையெல்லாம் மறந்து, “இது சாதுவான மீன், அடியில் கிடந்து அழுக்கைத் தின்னும்” என்ற விற்பனைச் சொல்லையே நாம் நம்பிவிடுகிறோம்.

எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்றடி நீளத் தொட்டியொன்று உண்டு. கப்பிகள் நிறைந்திருந்த அத்தொட்டியில், வயல் வாய்க்காலில் பிடித்த விரல் நீளக் கெளுத்தியொன்றைத் தம்பி கொண்டுவந்து விட்டான். பகல் முழுவதும் அது ஓட்டுத்துண்டின் கீழ்ப் பதுங்கிக் கிடந்தது. எவரையும் துரத்தவில்லை, எவருடைய செட்டையையும் கடிக்கவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் கப்பிகளின் தொகை பாதியாகக் குறைந்தது. செத்த மீன் ஒன்றுகூட மிதக்கவில்லை. தொட்டியை ஒருமுறை நோக்கிய வாப்பா, “வாய்க்குள்ள அடங்குற மீன் கூட்டாளி இல்ல மகன், இரை” என்றார். மறுநாளே கெளுத்தி தனித்தொட்டிக்கு மாற்றப்பட்டது.

வாப்பா மீனியல் கற்றவர் அல்லர். எனினும் மீன்களின் கூட்டுவாழ்வுக்குரிய முதல் விதி அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. நாம் மீன்களைச் சாது என்றும் முரடு என்றும் மனிதக் குணங்களால் வகைப்படுத்துகிறோம். கெளுத்திக்கோ கப்பியின் மீது பகையுமில்லை, பரிவுமில்லை. மிஸ்டஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த எமது கெளுத்திகள் இரவில் இரை தேடுவன. பூச்சியும் கூனியும் சிறுமீனும் அவற்றின் இயல்பான உணவு. மீசைகளில் மட்டுமன்றித் தோலிலும் சுவையரும்புகள் இருத்தலால், கண் காணாத இருளிலும் அவை இரையை அறியும். சிறுமீன்கள் உறங்கும் நேரமே அவற்றின் உழைப்பு நேரம். ஆகவே பகலில் சண்டையில்லை என்பது இரவில் ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாகாது. வாங்கும்போது உள்ள பருமனும் சான்றாகாது. விரலளவில் காணும் வாளைக்குஞ்சு ஒரு மீற்றருக்கு மேலும் வளரக்கூடியது.

இவ்வாறாயின் அடித்தளத்து மீன்கள் அனைத்தையும் விலக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த கொரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தி வகை இதற்குச் சிறந்த விலக்கு. அவற்றுட் பல மூன்று தொடக்கம் ஏழு சென்ரிமீற்றருக்குள் அடங்குவன. கீழ்நோக்கிய சிறு வாயால் மணலைக் கிளறி உண்பன. ‘செரி பாப்’ எனக் கடைகளில் விற்கப்படும் சிவந்த சிறுமீனோடு அவை இடரின்றி வாழும். அச்சிவந்த மீன் இலங்கைக்கே உரியது. 1929 இல் பி. இ. பி. தெரணியகல அதனை அறிவியலுலகுக்கு அறிமுகஞ் செய்தார். ஆனால் வாயின் விதி மறுபுறமும் செயற்படும். பெரிய மீனொன்று கொரிடோராஸை விழுங்க முயன்றால், அதன் செட்டை முட்கள் விறைத்து நின்று தொண்டையில் சிக்கும். விழுங்கியதும் விழுங்கப்பட்டதும் ஒருங்கே மாளும்.

அயலாரைத் தெரிவு செய்தல் மட்டும் போதாது. ஊரின் நீரும் பொருந்த வேண்டும். கொரிடோராஸுட் பெரும்பாலானவை 22 தொடக்கம் 26 பாகை செல்சியஸ் வெப்பநிலையையே விரும்புவன. எமது கடற்கரையின் நண்பகலோ 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். 22 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 8.7 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 ஆகக் குறையும். அவை அடிக்கடி மேலே பாய்ந்து காற்றை விழுங்குதலை விளையாட்டென எண்ணி நாம் மகிழ்கிறோம். மூச்சுக்குத் தவிப்பதாகவும் அது இருக்கலாம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் புகுந்தபின் கிணறுகள் உவர்த்த கதையை இவ்வூர்கள் நன்கறியும். அத்தகைய உவர்ப்பைக் கப்பி பொறுக்கும், கொரிடோராஸ் பொறுக்காது.

இனி, அழுக்குத் தின்னும் மீன் என்ற நம்பிக்கையை நோக்குவோம். எந்த மீனும் பிற மீன்களின் கழிவை உண்டு வாழ்வதில்லை. அழுக்கே போதுமெனக் கருதி நாம் தீனி போடாது விடும் அடித்தள மீன், மேலே மிதக்கும் தீனி தன்னிடம் வந்து சேராமையால் மெல்ல மெலிகிறது. விளக்கணைத்தபின் மூழ்கும் தீனியை இடுதல் ஒரு நிமிட வேலை. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளியாது, அதுவாகத் தேடியுண்ணவும் விடாத பெண் தண்டிக்கப்பட்ட செய்தியை நபிமொழியில் நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். கண்ணாடிச் சுவருக்கும் கயிற்றுக்கும் இவ்வகையில் வேறுபாடில்லை.

‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் விற்கப்படும் உறிஞ்சுவாய் மீனின் கதை இதனினும் பாரதூரமானது. பெருவிரலளவில் வாங்கப்படும் அது 40 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். அயல்வீட்டு மாணவன் ஒருவன் தன் தொட்டிக்கு அடங்காத அம்மீனை வாளியில் ஏந்தி, கிட்டங்கிப் பக்கம் வாவியில் விட்டுவிட்டால் நன்மை கிடைக்கும் என்று புறப்பட்டான். நல்ல நோக்கந்தான். ஆனால் இலங்கையின் நன்னீர்நிலைகளில் ஏற்கெனவே புகுந்துவிட்ட அந்நிய மீன் அது. கரைகளைத் துளைத்து வளை அமைக்கும். தன் முட்தோலால் வலைகளைக் கிழிக்கும். ஓரளவு உவர்நீரையும் தாங்கும். ஓர் உயிருக்குக் காட்டும் இரக்கம், வீசுவலையை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்களின் சோற்றில் கைவைப்பதாக முடியலாம். நீண்ட உரையாடலின் பின் அம்மீன் அவனுடைய மாமாவின் சீமெந்துத் தொட்டிக்குப் போயிற்று.

நாம் அடைத்து வைத்த உயிர் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆகவே மீன் வாங்கச் செல்பவர் அதன் குணத்தை வினவுவதிற் பயனில்லை. முழுதாக வளர்ந்தபின் அதன் வாய் எவ்வளவு, இரவில் அது என்ன உண்ணும், தொட்டி போதாதபோது அதற்கு எங்கே இடம் என்பவற்றை வினவுதல் வேண்டும். இவற்றுக்கு விடையில்லாத மீனைக் கடைத்தொட்டியிலேயே விட்டுவரலாம்.