கலியாண ஓலையில் ஒரு பெயர்

கலியாண அழைப்பிதழை வெறும் காகிதத் துண்டு என்று எண்ணுவோர், அதைச் சரியாக வாசித்தறியாதவர்கள். யார் அழைக்கிறார், யாருடைய மகள், எந்த ஊர், என்ன பட்டம், என்ன பதவி என்று ஒரு குடும்பம் தன்னைப் பற்றி ஊருக்கு விடுக்கும் அறிக்கை அது. ஒரு சமுதாயத்தின் பெருமையும் பொய்யும் அச்சமும் அந்தச் சிறிய இடத்திலே நெருங்கி நிற்கின்றன.

வன்னியின் பழைய கிராமங்களில் அச்சடித்த அழைப்பு இருக்கவில்லை. வெற்றிலை பாக்குடன் வீடு வீடாகச் சென்று சொல்வதே அழைப்பு. அதிலே சமத்துவம் இருந்தது என்று நான் கூறமாட்டேன். எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அழைப்பது, எந்த வீட்டுப் படலைக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுத் திரும்புவது என்பதைச் சாதியே தீர்மானித்தது. பின்னர் நகரத்து அச்சகங்களும் அவற்றோடு அழைப்பிதழும் வந்தன. 1990களில் பொருளாதாரத் தடை இறுகியபோது, மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போலக் கடதாசியும் அருமையாயிற்று. கொப்பித் தாளை நாலாகக் கிழித்து அழைப்பு எழுதிய வீடுகளை அப்போது கண்டேன்.

2022இல் வேறொரு வடிவில் அந்தக் காலம் திரும்பிற்று. அந்நியச் செலாவணி வற்றியது. கடதாசி இறக்குமதி தடைப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தாளும் மையும் இன்றி ஒத்திவைக்கப்பட்டன. இத்தனைக்கும், வைக்கோலிலிருந்து கடதாசி செய்யலாம் என்பதை இந்த நாடு அறியாததன்று. வாழைச்சேனையில் 1950களில் எழுந்த ஆலை அதைத்தான் செய்தது. இரணைமடுக் குளத்து நீரில் விளையும் வயல்களில் வைக்கோல் எரிந்து புகைய, எங்கள் பிள்ளைகள் கடல்கடந்து வரும் கடதாசிக்குக் காத்திருந்தார்கள். திட்டமற்ற பொருளாதாரத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

அந்த ஆண்டு ஆவணியில், கிளிநொச்சியில் என்னிடம் தமிழ் படித்த பெண் ஒருத்திக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. தாய் இடியப்பம் அவித்து விற்று அவளை ஆளாக்கியவர். அச்சகத்திலே சொன்ன விலை அவர்களுக்கு எட்டாதது. ஆனால் அவள் என்னிடம் வந்தது விலையைப் பற்றிப் பேச அன்று.

“சேர், அப்பாவின்ரை பேருக்கு முன்னாலை என்ன போடுறது?” என்று கேட்டாள்.

அவளுடைய தந்தை 2009 மே மாதத்தில் வட்டுவாகலில், மனைவியின் கண்முன்னே, இராணுவத்திடம் சரணடைந்தவர். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. அச்சகத்திலிருந்த பொடியன் நல்லவன், பணிவாகத்தான் கேட்டிருக்கிறான். ஆனால் அவனிடமிருந்த மாதிரிகளில் இரண்டே வகை: ஒன்று ‘திரு’, மற்றது ‘அமரர்’. முன்னதைப் போட்டால் ஊர் வினாவும்; பின்னதைப் போட்டால் தாய் தன் கையாலேயே கணவனைக் கொன்றதாகும். அந்தத் தாய் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டத்திலே போய் அமர்ந்தவர்களுள் ஒருவர்.

அரசாங்கம்கூட இந்த மூன்றாவது நிலையை ஏட்டளவில் ஒப்புக்கொண்டிருக்கிறது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதையே பதியும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் இடமளித்தது. பரீட்சைத் தாள் இல்லாமற்போன அதே 2022 மார்ச்சில், அத்தகைய குடும்பமொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுப்பதென அமைச்சரவை முடிவு செய்தது. போராடிய தாய்மார் அதை மறுத்தார்கள். அவர்கள் கேட்டது விலையை அல்ல, விடையை.

அச்சகத்தின் மாதிரியில் இடமில்லையெனில், இடமுள்ள ஒன்றை நாமே செய்வோம் என்று முடிவாயிற்று. பதினைந்து பிரிஸ்டல் மட்டைகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் எட்டாக வெட்ட, நூற்றிருபது அட்டைகள். அயலிலே பாய் இழைக்கும் பெண்கள் சார்வோலையைத் தந்தார்கள். ஈர்க்கு நீக்கி, கொதிக்கும் சாயத்தில் அவித்து, நிழலில் உலர்த்தி, மெல்லிய கீற்றாக வார்ந்து அட்டையின் ஓரங்களில் ஒட்டினோம். பசை மரவள்ளி மாவில் காய்ச்சியது. ஓலையிலேயே எழுதலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். பேனா மை ஓலையில் பிடிக்காது; எழுத்தாணியால் கீறிக் கரி தடவினால்தான் எழுத்துத் தெரியும். அந்தக் கைப்பழக்கம் எங்களில் எவருக்கும் இல்லை. ஆகவே எழுத்து அட்டையிலும் ஓலை விளிம்பிலுமாக அமைந்தது.

வாசகத்தில்தான் நீண்ட விவாதம். வழக்கப்படி தாய்மாமன் பெயரில் அழைக்கலாம் என்றார் உறவினரான முதியவர் ஒருவர். தாலியோடு இருப்பவரா இழந்தவரா என்று தெரியாத பெண், மங்கல காரியத்தில் முன்னிற்கலாமா என்பது அவருடைய ஐயம். அவர் கெட்டவர் அல்லர். ஊரின் அச்சத்தைத் தம் வாயால் சொன்னவர். தாய் அமைதியாகக் கேட்டார்: “பதின்மூண்டு வருசம் நான் முன்னுக்கு நிண்டுதானே இவளை வளத்தனான்? அப்ப ஒருத்தரும் தடுக்கேல்லையே.” அதற்கு எவரிடமும் மறுமொழி இல்லை.

இறுதியில், அழைப்பவர் என்ற இடத்தில் தாயின் பெயர் மட்டும் நின்றது. அதன் கீழே, ‘திரு’வும் இன்றி ‘அமரர்’உம் இன்றி, “நாங்கள் தேடிக்கொண்டிருக்கும் தந்தை” என்ற சொற்களோடு அவருடைய பெயர். மற்றவற்றை எழுத நாங்கள் உதவினோம். அந்த ஒரு வரியை மட்டும் மகள் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நூற்றிருபது அட்டைகளிலும் தானே எழுதினாள்.

கைவேலையைப் புகழ்ந்து அச்சைப் பழிப்பது என் நோக்கமன்று. அச்சகத் தொழிலாளியின் சோறும் நம் சோறுதான். அத்துடன், கையால் செய்த அழைப்பிதழ் இன்று பணக்காரரின் ஆடம்பரமாகவும் விலைபோகிறது. அதை இழைக்கும் பெண்ணுக்கோ கூலி அற்பம். வறுமையில் பிறந்த எதையும் அழகு என்று கொண்டாடிவிட்டு, வறுமையை அப்படியே விட்டுவைப்பது அறிவுடையோர் செயலாகாது. நான் கண்ட பெறுமதி வேறு. அச்சுமாதிரி என்பது ஊர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வாழ்க்கைகளுக்கு வார்த்த அச்சு. அதற்குள் அடங்காத வாழ்க்கைகள் வன்னியில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை தம்மைச் சொல்லிக்கொள்ளும்போது புதிய வாசகம் பிறக்கிறது. அதைக் கூச்சமின்றி வாசிக்கப் பழகுவது ஆசிரியர்களும் மாணவர்களுமான நமது கடமை.

அட்டை நீதியாகாது, நீதி சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அந்த அழைப்பைக் கையில் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும், கலியாண நாளைப் பார்க்கும் முன்பே கண்கள் அந்த வரியில் நின்றன. சிலர் தங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார்கள்.