அப்பாவின் முலாம் பட்டறை

"உங்கப்பா என்ன வேலை?" என்று தோழியர் கேட்டால், "கம்பெனி" என்று சொல்லி நழுவிவிடுவேன். கணபதியில் முலாம் பூசும் பட்டறை என்று சொல்லக் கூச்சம். அப்பாவின் நகங்கள் எப்போதும் கறுத்தே இருக்கும்.

சென்ற ஆண்டு எங்கள் அறிவியல் கண்காட்சியில் எனக்குக் கிடைத்த தலைப்பு, சூரியனைப் படம் பிடிக்கும் கண்ணாடிகள். சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி. அதைச் சூழ்ந்த கரோனாவோ 10 லட்சம் டிகிரியையும் தாண்டும்! அங்கிருந்து வரும் அதீதப் புற ஊதாக் கதிர்களை நமது காற்று மண்டலம் விழுங்கிவிடுகிறது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வகத்திலிருந்தும் அவற்றைப் பிடிக்க இயலாது. ராக்கெட்டில் மேலே போனாலும், சாதாரணக் கண்ணாடி நேராக விழும் அக்கதிர்களை உறிஞ்சிவிடும்.

ஆகவே மாலிப்டினம், சிலிக்கான் என்று மாற்றி மாற்றிப் பல படலங்கள் பூசுகிறார்கள். ஒவ்வொரு படலமும் கொஞ்சமே பிரதிபலிக்கும். ஆனால் ஒரு ஜோடிப் படலத்தின் கனம் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்தால், திரும்பும் அலைகள் முகட்டோடு முகடு சேர்ந்து வலுப்பெறும். 17.1 நானோமீட்டர் கதிருக்கு ஒரு ஜோடி சுமார் 9 நானோமீட்டர். 1987 அக்டோபரில் ஸ்டான்போர்டு பேராசிரியர் ஆர்தர் வாக்கர் குழுவினர் இத்தகைய கண்ணாடிகளை ராக்கெட்டில் அனுப்பிக் கரோனாவைப் படமெடுத்தனர். 1983-இல் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு இவருடைய மாணவிதான்!

எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். அன்றிரவு அப்பா என் அட்டையைப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, நாங்க மைக்ரான்ல பூசறோம். இது அதுல எத்தனை பங்கு?"

"ஒரு மைக்ரான்ல நூத்துல ஒரு பங்குகூட இல்லீங்கப்பா."

வெகுநேரம் யோசித்தார். "அப்படின்னா பூசறது அப்புறம். அடிக் கண்ணாடி எப்படி வழவழன்னு இருக்கோணும்! துளி மேடு பள்ளம் இருந்தாலும் மேல வர்ற அத்தனை பூச்சும் காட்டிக் குடுத்துரும்."

புத்தகத்தைப் புரட்டினேன். அணு அளவு வழவழப்பு வேண்டும் என்றே இருந்தது. படித்தும் மனத்தில் பதியாத வரி அது.

கண்காட்சியன்று நடுவர், "இதைச் செய்வதில் பெரிய சிரமம் எது?" என்று கேட்டார். அப்பா சொன்னதையே சொன்னேன். "யாரம்மா சொல்லித் தந்தது?" என்றார். சிஸ்டரும் என்னைப் பார்த்தார்.

"எங்கப்பாங்க. கணபதியில முலாம் பட்டறை வெச்சிருக்காருங்க."

கூட்டத்தின் பின்னால் நின்ற அப்பா, குனிந்து தம் நகங்களைப் பார்த்துக்கொண்டார்.