பரோட்டாவுக்கு சர்க்கரை, குழம்பில் மீன் தலை... சிங்கப்பூர் தேக்காவில் ஒரு ருசிப் பயணம்!

பரோட்டாவுக்கு சால்னா தெரியும், குருமா தெரியும். சர்க்கரை? சிங்கப்பூரில் அப்படியும் சாப்பிடுகிறார்கள். அங்கே அதன் பெயர் 'ரொட்டி பிராட்டா'. ஒரு கிண்ணத்தில் குழம்பு வரும். கேட்டால் ஓரத்தில் கொஞ்சம் சர்க்கரையும் வரும்.

இதை ருசிக்க லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும். பக்கத்திலேயே தேக்கா சென்டர். கீழ்த்தளத்தில் காய்கறி, மீன், ஆட்டிறைச்சி மார்க்கெட்டும் சாப்பாட்டுக் கடைகளும். மாடியில் புடவை, சுடிதார் கடைகள்.

'தேக்கா' என்பது ஹொக்கியன் சீனச் சொல். மூங்கில் புதரின் அடி என்று பொருள். இதே பகுதிக்கு மலாய்ப் பெயர் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைக் கொட்டில். ஒருகாலத்தில் இங்கே மாட்டு வியாபாரம் களைகட்டியது. பக்கத்துத் தெரு இன்றும் 'பஃபலோ ரோடு'தான்.

மூன்று ஊர், ஒரு தட்டு

இடத்தின் பெயரைப் போலவே சாப்பாடும் கலந்துதான் கிடக்கிறது. 'மீ கோரெங்' கேட்டுப் பாருங்கள். மஞ்சள் நூடுல்ஸ் சீனர்களுடையது. 'கோரெங்' என்றால் மலாயில் வறுத்தது. அதைத் தக்காளி சாஸும் மிளகாயும் போட்டுச் சிவக்கச் சிவக்கப் புரட்டி எடுப்பது தமிழ் முஸ்லிம் கடைக்காரரின் கைப்பக்குவம்.

மீன் தலைக் கறியும் இப்படித்தான். 1949-ல் எம்.ஜே.கோமஸ் என்ற மலையாளி இதைத் தன் உணவகத்தில் அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார்கள். சீன வாடிக்கையாளர்களுக்கு மீன் தலை என்றால் உயிர். அதை நம்மூர் மசாலாக் குழம்பில் கொதிக்கவிட்டார். இன்று அது சிங்கப்பூரின் அடையாள உணவுகளில் ஒன்று.

பிழைக்க வந்தவர்கள் ஊர் ருசியை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துவீட்டுக்காரரும் சாப்பிட வேண்டுமே என்று கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கொஞ்ச மாற்றம்தான் சிங்கப்பூர் சமையல்.

தெருவோரத்திலிருந்து யுனெஸ்கோ வரை

1965-ல் தனி நாடானபோது, சிங்கப்பூரின் தெருக்களெல்லாம் தள்ளுவண்டிகளும் கூடைக்காரர்களும்தான். சுத்தமான தண்ணீர் இல்லை, கழிவுநீர் போக வழியில்லை. கடைகளை விரட்டிவிடாமல், 1971 முதல் 1986 வரை 'ஹாக்கர் சென்டர்'களைக் கட்டி உள்ளே குடியேற்றியது அரசு. இப்போது அப்படி 110-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. 2020 டிசம்பரில் இந்த ஹாக்கர் கலாசாரத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ அங்கீகரித்தது. அந்தப் பட்டியலில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் இடம் இதுதான். ஒரு கோயிலுக்கோ கோட்டைக்கோ அல்ல, அடுப்படிக்குக் கிடைத்த பெருமை!

அடுத்து யார்?

ஆனால், அடுப்படியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பாதிப் பேருக்கு ஏறக்குறைய 60 வயதோ அதற்கு மேலோ. விடிவதற்கு முன் மாவு பிசைந்து, நாள் முழுக்க அனலில் நிற்கும் வேலைக்குப் படித்த பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள். விலையைக் கூட்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார், கூட்டாவிட்டால் கட்டுப்படியாகவில்லை. புதியவர்களை அனுபவசாலிகளிடம் பழக்கும் பயிற்சித் திட்டங்களை அரசு நடத்துகிறது. அப்படியும் ஒரு கடை மூடினால், எங்கும் எழுதிவைக்காத பக்குவம் ஒன்று அதோடு போய்விடுகிறது.

போகிறீர்களா?

மேசையில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அங்கே உட்காராதீர்கள். அது யாரோ போட்டுவைத்த 'துண்டு'! சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அபராதம்கூட உண்டு. ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள்.

கடைசியாக ஒரு 'தே தாரிக்' சொல்லுங்கள். வேறொன்றுமில்லை, நம்மூர் ஸ்டைலில் தூக்கி ஆற்றிய டீதான். கிளம்பும்போது கடைக்காரரிடம், "நல்லா இருந்துச்சு அங்கிள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். தமிழராக இருந்தாலும் சீனராக இருந்தாலும் அங்கே எல்லோருக்கும் அதுதான் முறை!