பழம்புளியும் போர்தோ மதுவும்

ராஜாஜி 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று முதன்முதலாக மதுவிலக்கை அமலுக்குக் கொண்டுவந்த சேலம் ஜில்லாவில் அந்நாளில் அடங்கியிருந்ததும், 1965இல் பிரிந்து தனி ஜில்லாவானதுமான தர்மபுரிச் சீமையை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு தேசத்துச் சிவப்பு மதுவைச் சுவைத்தறியும் கலையைப் பற்றிப் பேசப் புகுவது விபரீதமான காரியம் என்று வாசகர்கள் கருதக்கூடும். ஆயினும் பழங்காலத்தில் தகடூர் எனப்பட்ட இதே தர்மபுரியை ஆண்ட அதியமான் ஔவையாரோடு கள்ளைப் பகிர்ந்துண்டவன் என்பதைப் புறநானூறு மறைக்கவில்லை. அரூருக்கு வடகிழக்கே, செங்கத்தை ஆண்ட நன்னன் மேல் பாடப்பெற்ற மலைபடுகடாமோ மூங்கிற் குழாயில் பெய்து முதிரவைத்த தேறலைப் பற்றிச் சொல்கிறது. ஆகவே, வைத்து முதிர்ந்த பொருளுக்குத் தனி ருசி உண்டென்ற ஞானம் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. அது இன்று எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் புதுச்சேரியிலுள்ள என் சிநேகிதர் ஒருவர்.

அவர் பாரிஸ் நகரத்து உணவு விடுதி ஒன்றில் நெடுங்காலம் மது பரிமாறும் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவர். போர்தோவைச் சேர்ந்த மேதோக் பிரதேசத்தில் 2005ஆம் ஆண்டின் அறுவடையிலே பிறந்த சீசா ஒன்றை அவர் தம் வீட்டில் எனக்காகத் திறந்தபோது, குடிப்பதற்கு முந்திய சடங்குகளே ஒரு சிறு பூஜை அளவுக்கு நீண்டன. சீசாவின் அடியில் வண்டல் படிந்திருந்தபடியால், கழுத்துக்குப் பின்னே மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, வண்டல் எட்டிப் பார்க்கும் தருணம் வரையில் தெளிவை மட்டும் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றினார். பிறகு கோப்பையில் சிறிதே வார்த்து வெள்ளைத் துணியின் மேல் சாய்த்துப் பிடித்து, நடுவிலே மாதுளைச் சிவப்பாயிருந்த நிறம் விளிம்புக்கு வரவரச் செங்கல் நிறமாக வெளிறுவதைக் காட்டி, இளம் மதுவானால் அந்த விளிம்பு ஊதாவாக இருக்கும் என்றார். முகர்ந்தபோது உலர்ந்த கருங்கனியின் மணமும், மரச்சீவலின் மணமும், புகையிலையின் மணமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அல்லது அவர் சொன்னதனால் எழுந்ததாக எனக்குத் தோன்றிற்றோ என்னவோ. வாயில் கொண்டபின் ஈறுகளைப் பற்றிக்கொண்ட துவர்ப்பு மட்டும் யார் சொல்லியும் தோன்றியதன்று. திராட்சையின் தோலும் விதையும் கொடுக்கிற அந்தத் துவர்ப்பு, இளமையில் வாயை வறளச் செய்யும் முரடாக இருந்து, ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் அணுத்திரள்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு பகுதி வண்டலாய் இறங்கிவிட, மிச்சமுள்ளது மிருதுவாகிவிடுகிறது. முதிரத் தகுந்த மது, முதிரத் தகாத மது என்ற பாகுபாட்டுக்கு இத்துவர்ப்பும் புளிப்புமே பெரும்பாலும் ஆதாரம்.

ஒரே ஜாதித் திராட்சையால் ஆனதன்று போர்தோ மது. சரளை மண்ணில் நின்று தாமதமாகப் பழுக்கும் காபர்னே சோவிஞ்ஞோன் துவர்ப்பையும் ஆயுளையும் கொடுக்க, களிமண்ணை விரும்பி முன்கூட்டியே பழுக்கும் மெர்லோ கனிவைக் கொடுக்க, காபர்னே பிராங்கும் பெத்தி வெர்தோவும் சிறிது சிறிது சேர்கின்றன. நம் குடியானவன் ராகிக் காட்டில் அவரையையும் துவரையையும் ஊடே விதைத்து, மழை ஒன்றைக் கைவிட்டாலும் மற்றொன்று காப்பாற்றும் என்று நம்புவதைப் போன்றதே இந்த ஏற்பாடும். ஒவ்வொன்றும் தனித்தனியே புளித்து மதுவான பின், குளிர்காலத்தில் உட்கார்ந்து, இதில் இத்தனை பங்கு, அதில் இத்தனை பங்கு என்று நாவால் தீர்மானிக்கிறவர்களே அந்தத் தொழிலின் உண்மையான சிற்பிகள். பிறகுதான் 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் நெடு வாசம்.

"முதுமையை நாவால் அளக்கிறவர்கள் உங்கள் ஊரில் இல்லையா?" என்று அவர் கேட்டார். புளி மண்டியில் இருக்கிறார்கள் என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. திராட்சையில் மேலோங்கி நிற்கும் டார்டாரிக் அமிலமே புளியம்பழத்திலும் பிரதானம் என்பதும், மற்றக் கனிகளில் அது இவ்வளவு மிகுதியாகக் கிடைப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. பழுக்கும்போது புளியில் இனிப்பு ஏறுமேயன்றிப் புளிப்பு இறங்காது. அதனாலேதான் அது ஒரே சமயத்தில் இரண்டுமாக இருக்கிறது.

மாசி மாதத்து வெயிலில் நாங்கள் போய்ச் சேர்ந்தது பாப்பாரப்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தகரக் கொட்டகை. சுப்பிரமணிய சிவா 1925இல் கண்மூடிய பாப்பாரப்பட்டியை இன்று அந்த நினைவுக்காகத் தேடி வருகிறவர்களைக் காட்டிலும், புளி ஏற்ற வருகிற லாரிகளே அதிகமாக எங்கள் கண்ணில் பட்டன. கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக அமர்ந்து, கல்லின் மேல் பழத்தை வைத்துக் கையடக்கமான இரும்புத் தடியால் தட்டிக் கொட்டையைப் பிதுக்கிக் கொண்டிருந்தார்கள். உலர்த்துதல், ஓடு உடைத்தல், நார் உரித்தல் என்று இதற்கு முந்தியும் வேலைகள் உண்டு. அவை பார்ப்பதற்கே சலிப்பூட்டுவன என்பதனால் இங்கே விவரிக்கவில்லை. செய்கிறவர்களுக்கு எப்படியிருக்கும் என்பதை நான் எழுதித் தெரியவேண்டியதில்லை. புளிப்பு அவர்களுடைய விரல் நுனிகளை அரித்துக் கோடு கோடாக வெடிக்கச் செய்திருந்தது.

அவர்களில் மூத்தவளாயிருந்த ஒரு கிழவி மட்டும் தடியைத் தொடாமல் மூட்டைகளின் நடுவே அமர்ந்திருந்தாள். வத்தல்மலை அடிவாரத்தில் பிறந்தவள். சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலத்தில் எடுத்தவர்களுக்கு அவள் தகப்பன் மரமேறிக் கிளை உலுக்க, சிறுமியாயிருந்த அவள் கீழே உதிர்ந்ததைப் பொறுக்கினாள். அம்மரங்களில் பெரும்பாலானவை சாலையை அகலப்படுத்திய காலத்தில் வெட்டுண்டு போயின. மணமாகிச் சில ஆண்டுகளில் கணவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், முதலில் மாதத்துக்கு ஒருமுறையும், பின்பு பொங்கலுக்கும், பின்பு தேர்தலுக்கும் மாத்திரம் வருகிறவனாகி, ஒரு நாள் வராதவனாகிவிட்டான். பிள்ளைகளைத் தடியால் தட்டித்தான் வளர்த்தாள், அதாவது புளியைத் தட்டி; இந்தச் சிலேடை அவளுடையது, என்னுடையதன்று. வெளியூர் லாரியில் வரும் சரக்கை முதலாளி வாங்குவதற்குமுன் இவளைக் கூப்பிட்டு வாயில் போடச் சொல்வது பல வருஷ வழக்கமாகிவிட்டது.

"மழ பட்ட புளி மேல காஞ்சிருக்கும் சாமி, உள்ள பூசண வாட அடிக்கும். வெல்லத் தண்ணி தெளிச்சதுன்னா மொதல்ல இனிக்கும், அப்புறம்தான் புளிக்கும். நல்ல புளி ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்" என்றாள்.

என் சிநேகிதர் தரையில் அமர்ந்துகொண்டார். அவள் மூன்று உருண்டைகளை அவர் கையில் வைத்தாள். இவ்வருஷத்துப் புளி செம்பழுப்பு நிறமும் நாவைக் கூசச் செய்யும் கூர்மையுமாக இருந்தது. சென்ற வருஷத்தது கரும்பழுப்பேறி, இளகி, புளிப்பின் முனை மழுங்கி, ஒருவகைப் பேரீச்ச இனிப்போடு தொண்டைக்குள் நெடுநேரம் நின்றது. மூன்றாவது கறுத்துப் பளபளத்துக் கையில் ஒட்டிற்று. அதில் கருகல் வாசமும் கசப்பும் தலைகாட்டியிருந்தன. அவர் ஒவ்வொன்றையும் கண்ணை மூடி வாயில் புரட்டியதைப் பார்த்துப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். "இது உச்சியைத் தாண்டிவிட்டது" என்று அவர் மூன்றாவதைப் பற்றிச் சொன்னபோது, கிழவி தலையசைத்து, "ஆமா சாமி, அது கொழம்புக்கு ஆவாது, மருந்துக்கு வேணா கேப்பாங்க" என்றாள். இரு தேசத்து நிபுணர்கள் அபிப்பிராய பேதமின்றி முடித்த அத்தகைய சம்பாஷணையை நான் அடிக்கடி கேட்டதில்லை.

கலப்பதிலும் அவளுக்குக் கொள்கை உண்டு. உரிகம் பக்கத்து நீண்ட காயில் சதை அதிகம். மலைப் புளியில் புளிப்பு அதிகம். இரண்டையும் சேர்த்து உப்பிட்டு மிதித்து வைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும் என்பது அவள் கட்சி. நிறத்தை மறைப்பதற்காகப் பழசின் மேல் புதுசைப் பூசுகிறவர்களை அவள் குறிப்பிட்ட சொல்லை அச்சிட இயலாது.

இவ்வளவு நுட்பமான நாவுக்குத் தனிச் சம்பளம் என்ன என்று விசாரித்தேன். ஒன்றுமில்லை, மற்றவர்களுக்குள்ள தினக் கூலிதான். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு எழுதுவது கட்டுரைக்கு அழகன்று என்று தெரிந்தும் எழுதுகிறேன். மாசி பங்குனியில் ஊரெல்லாம் புளி இறங்கும்போது விலை விழுகிறது. முன்பணம் வாங்கிய குத்தகைக்காரனும், சித்தேரி மலையிலிருந்து சுமந்து வருகிறவனும் அன்றைக்கே விற்றாக வேண்டும். 2020இல் மத்திய சர்க்கார் வன மக்கள் சேகரிக்கும் கொட்டைப்புளிக்குக் கிலோ 36 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை குறித்தது. பசித்தவனுக்கு அந்த விலை காகிதத்திலும் தராசு வேறிடத்திலும் இருக்கிறது. வாங்கியவர் அதைக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்கி, நிறம் மாறாமல் காத்து, ஐப்பசி கார்த்திகையில் எடுக்கிறார். மண்டிக்காரர் விற்பது புளியை அன்று, காத்திருப்பதை. காத்திருக்கும் வசதி யாரிடம் உண்டோ அவரிடமே லாபம் போய்த் தங்குகிறது.

போர்தோவிலும் முன்பு இதே கதைதான் என்பதை என் சிநேகிதர் அங்கேயே சொன்னார். மேதோக்கின் தோட்டக்காரர்கள் மதுவைப் பீப்பாயோடு இளமையிலேயே விற்றுவிடுவார்கள். போர்தோ நகரத்து ஷார்த்ரோன் துறைத்தெருவில் நிலவறைகளை வைத்திருந்த வியாபாரிகள் அதை வாங்கி, முதிரவைத்து, தங்கள் பெயர் ஒட்டி அனுப்பினார்கள். 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காகத் தோட்டங்களை ஐந்து படிகளாக வகுத்த புகழ்பெற்ற ஜாபிதாவைத் தயாரித்தவர்கள்கூடத் தரகர்களே. அளவுகோல் சந்தை விலை. 1924இல்தான் மூத்தோன் தோட்டத்து பிலிப் தெ ரோத்ஷீல்டு தம் விளைச்சல் முழுவதையும் தம் இடத்திலேயே சீசாவில் அடைப்பது என்று துணிந்தார். அதற்கு மது இடம் கேட்டது. ஆகவே பெரிய கிடங்கு ஒன்றைக் கட்டவேண்டி வந்தது. வியாபாரிகள் அங்கே இன்னும் ஒழிந்துவிடவில்லை. ஆனால் சீசாவின் மேல் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் நிற்கின்றன. அவர் பிரபு, அவரிடம் பணமிருந்தது என்று ஆட்சேபிக்கலாம், ஆட்சேபம் சரியே. பணமில்லாதவர்களுக்குக் கூட்டுறவுக் கிடங்கு என்ற ஒன்று இருக்கவேண்டியது அதனாலேதான்.

கிழவி இதையெல்லாம் முக்கால்வாசி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். அடுப்படி மூலையில் வாய்கட்டிய மண் சால்கள் நின்றன. கூலிப் பணத்தில் பருவத்தில் வாங்கி, தானே கொட்டை எடுத்து, உப்பிட்டு வைத்த புளி. சாலின் கழுத்தில் கரியால் வருஷக் குறி. தர்மபுரியில் சில வீட்டார் வத்தக்குழம்புக்கும் புளியோதரைக்கும் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்களாம். மண்டி விலையைப் போல ஒன்றரை மடங்கு சொன்னாள். சிநேகிதர் பேரம் பேசவில்லை. இன்னும் ஐந்து கிலோ அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்க முடியுமா என்றார்.

"இருவது கிலோவுக்கு மேல வெக்கறதில்ல சாமி. வெச்சா நாங்க எங்க படுக்கறது?"