சூசி

மகனுக்கு பி ஷிப்ட் என்றால் எனக்கும் பி ஷிப்ட்தான். கம்பெனி பஸ் அவனை உத்தனப்பள்ளியில் இறக்கிவிடும்போது இரவு 11 மணி தாண்டிவிடும். படுத்தபடியே ராயக்கோட்டை சாலையில் போகும் வண்டிகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தக்காளி லாரி எது, பஸ் எது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்ட பிறகுதான் கண் மூடும்.

போன வருஷம் ஒரு நாள் பஸ் வரவில்லை. மணி 12.30 ஆயிற்று. போனிலும் ஆள் கிடைக்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்து, கை சில்லிட்டு, மூச்சு முட்டியது. வழியில் பஸ் பழுதாகி நின்றிருக்கிறது. அவன் வந்தபோது நான் திண்ணையில் வியர்த்துக் கிடந்தேன். ஓசூருக்கு ஓடினோம். இ.சி.ஜி., சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். எதிலும் கோளாறில்லை. "வயசாச்சு, டென்ஷன் ஆகாதீங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். எப்படி ஆகாமல் இருப்பது என்று மட்டும் சீட்டில் எழுதவில்லை.

எங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். மூன்றிலும் டென்ஷனுக்கு டென்ஷன்தான். சிறுவயதில் புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ரத்த அழுத்தம் என்றும் பொருளுண்டு. நாமும் அப்படித்தானே வைத்திருக்கிறோம்? பி.பி. என்போம், கேஸ் என்போம், மனசு சரியில்லை என்று மட்டும் சொல்லமாட்டோம். பெங்களூரில் நிமான்ஸ் இருக்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் ரோடு. அவ்வளவு பக்கம். ஆனால் இங்கே ஒருவரைக் கேலி செய்யத்தான் அந்தப் பெயர் உதவுகிறது. வேலையில் இருந்த காலத்தில் நானே ஒரு சக ஊழியரை, "உன்னை நிமான்ஸ்லதான் சேர்க்கணும்" என்று பலர் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் பிறகு நீண்ட விடுப்பில் போனார். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. இப்போது அடிக்கடி அவர் முகம் ஞாபகம் வருகிறது.

படபடப்பு மறுபடி மறுபடி வந்தது. ஒரு மத்தியானம் யாருக்கும் தெரியாமல் மாடிக்குப் போய் 14416-ஐ அழைத்தேன். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. அதற்குத் தலைமை மையம் அதே நிமான்ஸ்தான்! காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுக்கிறார்கள். எந்த மொழி என்று கேட்டது, தமிழை அழுத்தினேன். ஒரு பெண் பேசினார். பேர் சொல்லணுமா என்றேன். "வேண்டாங்க ஐயா, விஷயத்தைச் சொல்லுங்க" என்றார். பாதி பயம் அங்கேயே போயிற்று.

பயம் வந்ததும் உடம்பு ஓடத் தயாராகிறது, அதனால்தான் நெஞ்சு அப்படி அடிக்கிறது என்று விளக்கினார். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டி, மெதுவாக விடச் சொன்னார். மாலையில் அரைமணி நேரம் ஒதுக்கிக் கவலைகளை எழுதவேண்டுமாம். வேறு நேரத்தில் வருவதை 'நாளைக்கு 5 மணிக்கு வா' என்று தள்ளிவிடவேண்டுமாம். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும், மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கிறார்கள் என்றும் சொன்னார்.

எழுத குமாஸ்தாவுக்குச் சொல்லித்தரவேண்டுமா? தன்பதிவேடு போலவே கோடு போட்டேன். வரிசை எண், வந்த தேதி, பொருள், எடுத்த நடவடிக்கை, முடிவு. வீட்டில் யாருக்கும் புரியக்கூடாதென்று அட்டையில் பிரெஞ்சு எழுத்தில் 'சூசி' என்று எழுதிவைத்தேன். கவலை என்று அர்த்தம். நம் சாமந்தி மாதிரி ஒரு மஞ்சள் பூவுக்கும் அதே பெயர். விலை விழுந்த நாளில் இந்தப் பக்கத்துச் சாமந்தித் தோட்டக்காரர்களைக் கேட்டால், இரண்டும் ஒன்றுதான் என்பார்கள்.

முதல் மாதம் 41 இனங்கள் பதிவாயின. அவற்றில் நான் நடவடிக்கை எடுக்க முடிந்தவை 6. 'பஸ் தாமதமானால் தகவல் இல்லை' என்பது அதில் ஒன்று. அதை முடிக்க மகனிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "நீங்க தூங்கிட்டீங்கன்னு நெனச்சு செருப்பைக் கையில எடுத்துட்டு வருவேன்பா" என்றான். இப்போது பஸ் ஏறியதும் ஒரு மெசேஜ் வருகிறது. முழுக்கத் தூங்குகிறேன் என்று சொல்லமாட்டேன். லாரிகளை எண்ணுவது குறைந்திருக்கிறது.

எதிர்வீட்டு விவசாயி ஒருவர் என்னைவிட மோசம். சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-இல் இந்தச் சுற்றுவட்ட விவசாயிகள் போராடினார்களே, அப்போது போன தூக்கம் அவருக்கு இன்னும் திரும்பவில்லை. கேட்டால் "கேஸ் சார்" என்பார். அவர் கவலை என்னுடையதைப் போல மூச்சுவிட்டுத் தீர்வதல்ல, நிலம் நிலம்தான். ஆனாலும் தூங்காமல் எத்தனை நாள் மனு கொடுக்க அலைவது? போன வாரம் என் மாடிக் கதையைச் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். வெகுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "தெலுங்குல பேசுவாங்களா சார்?" என்றார். எண்ணைப் போட்டு, தெலுங்கை அழுத்திப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் தெருவுக்கு வந்து நின்றுகொண்டேன்.